வரி கட்டாத கேப்டன்

6

மகன் பிறந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்துத்தான் அப்பா பிறந்திருந்தார்.

ரோஸ்கோ டீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தான். எதுவும் மாறவில்லை. லவ்லேஸ் குடும்பத்துப் பைபிளின் முதல் பக்க நகல் அது. பிறப்பு, இறப்பு எல்லாம் மசியில் எழுதியிருந்தது.

"பாஸ், பையன் எஸ்ரா 1761. அவருக்கு மேல் வரியில அப்பா மார்செல்லஸ், 1790. இந்தக் குடும்பத்துல யாருக்கும் அவசரமே இல்ல போல."

"அச்சுப்பிழைன்னு குடும்ப வரலாற்றுப் புத்தகம் சொல்லுது," என்றாள் லுசிண்டா ஃபார்திங். அவள் தலையைத் தூக்கவில்லை.

"கையால எழுதின பைபிள்ல அச்சுப்பிழையா?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

கென்டக்கியில், பிக்கார்டு கவுண்டி நீதிமன்றத்தின் நிலவறை. சனிக்கிழமை. மதியம் பூட்டிவிடுவார்கள். மேலே எழுத்தர் இப்போதே சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நடந்தார்.

லுசிண்டா முன்பு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தாள். சொந்தக் களஞ்சியத்துக்குத் தீ வைத்துவிட்டு அழுகிறவர்களைப் பிடிப்பது அவள் வேலை. இப்போது இறந்துபோனவர்களைப் பிடிக்கிறாள். யாருக்கு யார் முப்பாட்டன் என்று கண்டுபிடித்துக் கொடுக்கிறாள். பொய் சொல்வதில் இரண்டு கூட்டமும் ஒன்றுதான், இறந்தவர்கள் அழுவதில்லை என்பாள். ரோஸ்கோ சவ ஊர்தி ஓட்டியவன். இப்போதும் இறந்தவர்களுக்காகத்தான் ஓட்டுகிறான். பின்சீட்டில் யாரும் படுத்திருப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவர் ஹோபர்ட் டாக்கெட். மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது. மனைவி இமோஜீன் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். அவர் பிறந்தது லவ்லேஸ் குடும்பத்தில். லவ்லேஸ் குன்றின்மேல் அடக்கம் செய்தார்கள். பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஹோபர்ட்டுக்கு அது வேண்டும்.

கிடைக்காது. குன்றின் பத்திரத்தில் ஒரு வரி இருந்தது: கேப்டன் மார்செல்லஸின் ரத்த வாரிசுகளுக்கு மட்டும். கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்கள் கீழே பாப்டிஸ்ட் தேவாலயத்தில் படுத்துக்கொள்ளலாம். அறுபது வருடமாகப் புருஷன் மேலே, பெண்டாட்டி கீழே. நாளை அலங்கார ஞாயிறு. வருடத்துக்கு ஒருமுறை குடும்பம் முழுவதும் கூடிக் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, அங்கேயே சாப்பிட்டு, யாருக்கு எந்த இடம் என்று முடிவெடுக்கும் நாள். நாளை விட்டால் அடுத்த மே மாதம்.

"அடுத்த மே வரைக்கும் நான் இருந்தா, என் டாக்டருக்குத்தான் அவமானம்," என்று ஹோபர்ட் சொல்லியிருந்தார்.

அவருக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. தானும் கேப்டனின் ரத்தம் என்று நிரூபிக்க வேண்டும். டாக்கெட் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு கிசுகிசு உண்டு. கேப்டன் மார்செல்லஸ் அவர்கள் வீட்டு பெட்சியைக் கெடுத்துவிட்டார். அதே காலத்தில் பிறந்த ஹோபர்ட்டின் முன்னோர் லெமுவெல்லுக்கு அப்பா பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. கணக்குச் சரியாக வந்தது.

"இதோ கேஸ் கிடைச்சிருச்சு பாஸ்." ரோஸ்கோ தடிமனான புத்தகத்தைத் திருப்பினான். "1798. ஜெஸ்ஸி டாக்கெட், எஸ்ரா லவ்லேஸ் மேல போட்ட வழக்கு. ஏப்ரல் மாசம் மார்செல்லஸ் வேலி தாண்டி ஜெஸ்ஸி நிலத்துக்குள்ள புகுந்துட்டார். பெட்சி கர்ப்பம். மறு மார்ச்சுல பிரசவம்." விரலை மடக்கி எண்ணினான். நிறுத்தி, மறுபடி எண்ணினான். "பதினோரு மாசமா? எங்கம்மா என்னை ஒன்பது மாசம் சுமந்ததையே இன்னும் சொல்லிக் காட்டுது."

"மேல படி."

"பெட்சியை வர்ஜீனியாவுல ஒரு நல்ல இடத்துல சேர்க்கலாம்னு இருந்தேன், எல்லாம் பாழாப் போச்சுன்னு ஜெஸ்ஸி புலம்பறார். பாவம். எஸ்ரா என்ன பதில் சொன்னார் தெரியுமா? என் பக்கம் தப்பில்ல, அவரு போட்ட வேலி மட்டம், அதோட ஜெஸ்ஸிதான் எனக்கு ரெண்டு டாலர் தரணும்ங்கறார்."

"எதுக்கு?"

"மார்செல்லஸுக்கு வழக்கமான கட்டணமாம்." ரோஸ்கோ கண்ணாடியைக் கழற்றினான். "அப்பன் பண்ணின காரியத்துக்கு மகன் பில்லு போடறானா? நான் பார்த்த குடும்பத்துலயே இதான் கேவலமான குடும்பம்."

லுசிண்டா சிரிக்கவில்லை. அவள் முன்னால் வரிப் பட்டியல்கள் விரிந்து கிடந்தன. இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட ஆண் ஒவ்வொருவருக்கும் அன்று தலைவரி உண்டு.

"எஸ்ரா வீட்டுல வயசு வந்த ஆம்பள ஒருத்தர்தான். எந்த வருஷத்தை எடுத்தாலும் ஒருத்தர்தான். மார்செல்லஸ் வரி கட்டல. நிலம் வாங்கல. ஓட்டுப் போடல. சாட்சி சொல்லல. சபையில சேரல. கெட்ட வார்த்தை பேசினதுக்கு அபராதம்கூடக் கட்டல."

"கெட்ட வார்த்தை பேசாத ஆம்பளையா? அந்தக் காலத்து கென்டக்கியிலயா? சான்ஸே இல்ல."

"குடும்பப் பேரும் இல்ல. பைபிள்ல எல்லாரும் லவ்லேஸ். இவர் வெறும் மார்செல்லஸ்."

"கேப்டன்னு இருக்குமே?"

"பைபிள்ல இல்ல. எஸ்ராவோட பேரன் காலத்துல சார்ஜன்ட் ஆனார். அந்தப் பேரனோட பேரன் புத்தகம் போட்டப்போ கேப்டன் ஆயிட்டார்."

"செத்தப்புறம் ரெண்டு பதவி உயர்வு. நான் உயிரோட இருந்து ஒண்ணுகூட வாங்கல."

மேலே கதவு மூடும் ஓசை கேட்டது. லுசிண்டா எழுந்து பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள்.

"இவரைப் பத்திப் படிச்சது போதும் ரோஸ்கோ. நாளைக்கு நேர்லயே பார்த்துடுவோம்."

*

லவ்லேஸ் குன்றுக்கு ஏறும் மண்பாதையின் இருபுறமும் கார்கள் நின்றன. ஓக் மரங்களின் கீழ் பலகைகளைச் சேர்த்து நீளமான மேசை போட்டிருந்தார்கள். பொரித்த கோழி, பீன்ஸ், சோள ரொட்டி, அடுக்கடுக்காக ஆப்பிள் கேக். இருநூறு பேர் இருப்பார்கள். எல்லோர் மார்பிலும் நீல ரிப்பன். நடுவில் வாள் படம்.

ஹோபர்ட் தன் பழைய லாரியின் பின்பலகையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஜெரேனியப் பூந்தொட்டி. ரிப்பன் இல்லாதவர் அவர் ஒருவர்தான்.

லுசிண்டாவின் வழியை மறித்து நின்றார் வெர்னா டீன் லவ்லேஸ். இமோஜீனின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். கேப்டன் மார்செல்லஸ் வாரிசுகள் சங்கத்தின் தலைவி. வெள்ளைத் தலைமுடி தலைக்கவசம் மாதிரி இருந்தது.

"ஹோபர்ட் ஆளு வெச்சிருக்கார்னு கேள்விப்பட்டேன். வாங்க, சாப்பிடுங்க. டாக்கெட் பக்கத்து ஆளுங்களுக்கு இங்க சாப்பாடு உண்டு. குழி கிடையாது."

"ரொம்ப நன்றிம்மா," என்றான் ரோஸ்கோ. "எங்க ஊர்ல ரெண்டையும் ஒரே நாள்ல கேட்க மாட்டாங்க."

வெர்னா டீன் அவனைப் பார்த்த பார்வையில் ஜெரேனியம் வாடியிருக்கும்.

கேப்டனின் கல்லறை குன்றின் உச்சியில் இருந்தது. புதிய பளிங்குக் கல், அதிலும் வாள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பழைய காட்டுக் கற்கள். ரோஸ்கோ அதை ஒருமுறை சுற்றிவந்தான். அவனுக்குக் கல்லறை புதிதல்ல. ஏதோ இடித்தது. இன்னொருமுறை சுற்றினான்.

"பாஸ், இவர் படுத்திருக்காரா, படர்ந்திருக்காரா? மூணு பேரை வைக்கலாம் இதுல. நான் குண்டு ஆளுங்களை நிறைய ஏத்தி இறக்கியிருக்கேன். இது அந்தக் கணக்குல வராது."

"அது மட்டுமா? சுத்திப் பாரு."

பார்த்தான். குன்றில் மற்ற எல்லோரும் கிழக்கே கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். கடைசி நாளில் எழுந்து நிற்கும்போது சூரியன் முகத்தில் அடிக்க வேண்டும். இந்த மலைகளில் தூக்குத்தண்டனை பெற்றவனைக்கூட அப்படித்தான் புதைப்பார்கள். கேப்டன் மட்டும் தெற்கு வடக்காகக் கிடந்தார்.

"அவரு எட்டடி உயரம்." பின்னாலிருந்து குரல் வந்தது. ஆர்வில் லவ்லேஸ். பெரிய உடம்பு, கையில் கோழிக்கால். குடும்ப வரலாற்றை யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். "எதிரிங்க வடக்கேயிருந்துதான் வருவாங்க. செத்தாலும் காவல் காக்கணும், என்னை அந்தப் பக்கம் பார்த்துப் புதைங்கன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாரு."

"அகலம்?" என்றாள் லுசிண்டா.

"பெரிய மனசு," என்றார் ஆர்வில்.

அவரே அவர்களை மேசைக்கு அழைத்துச் சென்றார். இரண்டு கேக்குகளுக்கு நடுவே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு பழுப்புத் தாள் நின்றது. சங்கத்தின் பொக்கிஷம். 1803இல் அச்சடித்த துண்டறிக்கை.

மார்செல்லஸ். இந்தப் பருவம் முழுவதும் எஸ்ரா லவ்லேஸின் இடத்தில். ஏப்ரல் முதல் ஜூலை வரை. நல்ல உயரம், கருஞ்சிவப்பு நிறம், அஞ்சாத குணம். கட்டணம் இரண்டு டாலர்.

"பட்டாளத்துக்கு ஆள் எடுத்த நோட்டீஸ்," என்றார் ஆர்வில்.

"கருஞ்சிவப்பு?"

"வெயில்ல நின்னே போர் செஞ்சவரு."

"ரெண்டு டாலர் யார் குடுக்கறது?" ரோஸ்கோ கேட்டான். "பட்டாளத்துல சேர்றவனுக்குக் காசு குடுப்பாங்க. சேர்றவன் எங்கயாவது காசு குடுப்பானா?"

ஆர்வில் வாயைத் துடைத்துக்கொண்டார். "அதாங்க தேசபக்தி."

லுசிண்டா குனிந்து சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு பக்கமும் வெள்ளை அட்டை விளிம்பு. மேலேயும் பக்கங்களிலும் விரல் அகலம். கீழே மட்டும் உள்ளங்கை அகலம்.

"மிஸ் வெர்னா," என்றாள், மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்து. "இந்த அட்டைக்குக் கீழ என்ன இருக்கு?"

வெர்னா டீன் கையிலிருந்த தேநீர்க் குடுவையை மேசையில் வைத்தார். கொஞ்சம் சிந்தியது.

"இங்க வேண்டாம்," என்றார்.

*

மண்வெட்டிகள் வைக்கும் கொட்டகையின் பின்பக்கம் நான்கு பேரும் நின்றார்கள். ஹோபர்ட்டை லுசிண்டாதான் அழைத்துவந்தாள். சட்டத்தின் பின்பலகையை ரோஸ்கோ பேனாக்கத்தியால் நெம்பினான். அட்டையை உருவினான். கடைசியில் ஒரு வரி மிச்சம் இருந்தது.

"தொலைவிலிருந்து வருவோருக்கு நல்ல புல் இலவசம்," என்று படித்தான். "பட்டாளத்துக்குப் புல்லா? இவங்க என்ன..."

நிறுத்திவிட்டான். வேலி தாண்டியது நினைவுக்கு வந்தது. பதினோரு மாதம் வந்தது. தலைவரி, குடும்பப் பெயர், எட்டடி, அகலமான குழி என்று ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன.

"குதிரை," என்றார் ஹோபர்ட்.

"பொலிகுதிரை," என்றாள் லுசிண்டா. "நல்ல சாதி. நாலு கவுண்டியிலயிருந்து பெட்டைக் குதிரைங்களைக் கொண்டுவந்து விட்டிருக்காங்க. எஸ்ரா அதை வெச்சுத்தான் சம்பாதிச்சார். அதான் பைபிள்ல தன் பேருக்கு மேல எழுதினார்."

"அப்ப பெட்சி?"

"உங்க வீட்டுக் குதிரைதான் மிஸ்டர் ஹோபர்ட். மன்னிச்சுக்கங்க."

ஹோபர்ட் கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டார். "எங்கப்பா பெட்சியோட மானத்துக்காக லவ்லேஸ் கடையில உப்புக்கூட வாங்கல. நாலு மைல் நடப்பாரு."

ரோஸ்கோவுக்கு ஒரு நல்ல நகைச்சுவை தோன்றியது. கிழவரின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

"பத்திரத்துல மார்செல்லஸோட ரத்தம்னு இருக்கு," லுசிண்டா சொன்னாள். "அப்படிப் பார்த்தா இந்தக் குன்றுல படுத்திருக்கிற ஒருத்தருக்கும் உரிமை இல்ல. ஒருத்தரைத் தவிர."

"யாரு பாஸ்?"

"குதிரை."

வெர்னா டீன் சட்டத்தின் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதில் கேக்கின் சர்க்கரை ஒட்டியிருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றார். "அப்பா இந்தச் சட்டத்தைக் கீழ போட்டு உடைச்சார். புதுசு போட நான்தான் பிரிச்சேன். அப்ப எனக்கு முப்பது வயசு. அந்த அட்டையை நானே வெட்டினேன். ஒரே ஒருத்திகிட்டதான் சொன்னேன்."

"யாருகிட்ட?" என்றார் ஹோபர்ட்.

"உன் பெண்டாட்டிகிட்ட. மூணு நாள் சிரிச்சா. சோறு இறங்கல அவளுக்கு."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சத்தியம் வாங்கிட்டேன்."

ஹோபர்ட் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வருஷா வருஷம் கேப்டன் கல்லு முன்னாடி ஜெபம் நடக்கும்போது அவ தோள் குலுங்கும். என் கையை இறுக்கிப் பிடிச்சுக்குவா. அழறான்னு நான் கைக்குட்டை குடுப்பேன்."

மேசைப் பக்கம் யாரோ கிதார் சுருதி சேர்த்தார்கள்.

"ஏன்மா," ரோஸ்கோ மெதுவாகக் கேட்டான், "அந்த ஒரு இடத்தைக் குடுத்தா என்ன?"

"அது எனக்கு." வெர்னா டீனின் குரல் உடைந்து, உடனே சரியானது. "நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல படுத்து வளர்ந்தோம். இவன் வந்து கூட்டிட்டுப் போனான். ஐம்பது வருஷம் வெச்சிருந்தே ஹோபர்ட். இப்ப என் முறை."

லுசிண்டா தாளை ஹோபர்ட்டிடம் நீட்டினாள்.

"நீங்க கூலி குடுத்துத் தேடினது. உங்க சாமான். இதை எடுத்துட்டுப் போய் மேசையில வெச்சுப் படிச்சா, பத்திரம் நிக்காது. யாரை எங்க வைக்கணும்னு இந்தம்மா சொல்ல முடியாது. அந்த இடம் உங்களுக்குக் கிடைக்கும்."

ஹோபர்ட் கொட்டகையின் மூலை வரை போனார். எட்டிப் பார்த்தார். ரோஸ்கோவும் பின்னால் நின்று பார்த்தான். ஒரு தடித்த பெண் மண்டியிட்டுத் தூரிகையால் இமோஜீனின் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒஹையோவிலிருந்து விடிய விடிய ஓட்டிவந்தவள் என்று ஆர்வில் சொல்லியிருந்தார். நெற்றியில் வேர்வை, மார்பில் வாள் ரிப்பன்.

ஹோபர்ட் திரும்பி வந்தார். தாளையும் அட்டையையும் கண்ணாடியையும் வாங்கினார். கடைசி வரியின்மேல் சரியாகப் பொருத்தினார். பின்பலகையை மூடினார்.

"நீங்க இவ்வளவு தூரம் பாடுபட்டதுக்கு மன்னிச்சுக்கங்கம்மா," என்றார் லுசிண்டாவிடம். "குதிரைன்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் யாரு வருவா? அவ மேல முள்ளு மண்டிடும். நான் கீழ பாப்டிஸ்டுங்களோட படுத்துக்கறேன். பாட்டு நல்லாப் பாடுவாங்க."

சட்டத்தை வெர்னா டீனிடம் கொடுத்துவிட்டு, ஜெரேனியத்தை எடுக்க லாரிப் பக்கம் நடந்தார். இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார்.

"பாஸ்," என்றான் ரோஸ்கோ. "ஜெயிச்ச கேஸ்ல தோக்கறது எப்படின்னு இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

லுசிண்டா வெர்னா டீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்னா டீன் ஹோபர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

சாப்பாடு முடிந்ததும் மணி அடித்தார்கள். தலைவி எழுந்து நின்றார். இடம் கேட்டவர்களின் பெயர்களைப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் கை தூக்கினார்கள். ரோஸ்கோ மூன்றாவது துண்டுக் கேக்கில் இருந்தான்.

"கடைசியா ஒண்ணு," என்றார் வெர்னா டீன். "ஹோபர்ட் டாக்கெட்."

மேசை முழுவதும் முனகியது. ஹோபர்ட் தொலைவில் பூந்தொட்டியோடு நின்றார்.

"டாக்கெட் வீட்டு பெட்சிக்கும் நம்ம மார்செல்லஸுக்கும் சம்பந்தம் உண்டுன்னு ரொம்ப வருஷமா ஒரு பேச்சு. நான் மறுத்துக்கிட்டே வந்தேன். இன்னிக்கு இந்தம்மா பழைய கோர்ட்டுப் பதிவைக் காட்டினாங்க. மார்செல்லஸ் வேலி தாண்டினது உண்மை. பெட்சி விஷயமும் உண்மை."

சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை என்பதை ரோஸ்கோ கவனித்தான். அடுத்த வாக்கியத்துக்கு வெர்னா டீன் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆகவே ஹோபர்ட் கேப்டனோட வாரிசு. இமோஜீன் பக்கத்து இடத்தை அவருக்குக் குடுக்கிறோம். ஆட்சேபணை உண்டா?"

இருநூறு தலைகள் ஹோபர்ட்டின் பக்கம் திரும்பி, அவரைப் புதிதாகப் பார்த்தன.

"நான் அப்பவே நினைச்சேன்," என்றார் ஆர்வில். "அந்த மூஞ்சி நீளத்தைப் பாருங்க. அப்படியே கேப்டன்."

"பல்லும்தான்," என்றாள் ஒஹையோப் பெண்.

"நடை," என்றார் இன்னொருவர். "ஏறும்போது பார்த்தேன். ராஜ நடை."

ரோஸ்கோவுக்குக் கேக் தொண்டையில் மாட்டிக்கொண்டது. லுசிண்டா அவன் முதுகில் தேவைக்கு மேல் பலமாகத் தட்டினாள். எல்லோரும் கை தூக்கினார்கள்.

வெர்னா டீன் ரிப்பனோடு ஹோபர்ட்டிடம் நடந்தார். கிழவர் வாயைத் திறந்தார். ஆயுளில் பொய் சொல்லிப் பழகாதவர்.

"வெர்னா, நீ வேணும்னா அந்த இடத்தை..."

"வாயை மூடு. எனக்கு அவ கால்மாட்டுல ஒரு இடம் இருக்கு." ரிப்பனை அவர் சட்டையில் வைத்து நேர் பார்த்தார். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அங்க வந்து குறட்டை விடாதே."

"நான் குறட்டை விடறதில்ல."

"ஐம்பது வருஷம், ஞாயித்துக்கிழமை தவறாம, அவ எனக்கு ஃபோன் பண்ணி உன் குறட்டையைச் சொல்லி அழுவா."

ஹோபர்ட் சற்று யோசித்தார்.

"அழுவாளா, சிரிப்பாளா?"

வெர்னா டீனின் கை அப்படியே நின்றது.

"ஃபோன்ல எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு ரிப்பன் ஊசியைக் குத்தினார்.